கல் வீடும் அதன் தலபுராணமும்

ஜூன் 8

மகள் வீட்டுக்கு வந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. வெள்ளை மாளிகையை வேலிக்கு வெளியே நின்று பார்த்தாயிற்று. சாயங்காலம் ஜார்ஜ்டவுனுக்குக் கூட்டிப் போனார்கள். ‘எம்’ தெரு முழுக்கத் துணிக்கடை, காப்பிக்கடை. ஒரு கேக் கடை வாசலில் ரேஷன் கடை போல வரிசை. அந்தப் பளபளப்புக்கு நடுவே, 3051ஆம் எண்ணில், பூசாத கருங்கல் சுவரோடு ஒரு வீடு. நான் நின்றுவிட்டேன். “அப்பா, பார்க்கிங் முடியுது” என்றாள் மகள். முப்பத்து நாலு வருஷம் பொதுப்பணித் துறையில் சுவர் பார்த்துச் சம்பளம் வாங்கியவன் அவ்வளவு சீக்கிரம் நகர்வானா? ஆனாலும் நகர்த்திவிட்டார்கள்.

ஜூன் 9

தனியாகக் கிளம்பினேன். ஜார்ஜ்டவுனில் மெட்ரோ நிலையம் கிடையாது. ராஸ்லினில் இறங்கி, கீ பாலத்தின் மேல் நடந்தால் போட்டோமாக் ஆற்றைத் தாண்டி எம் தெருவில் ஏறலாம். மனைவி குடை எடுத்துப் போகச் சொன்னாள். எடுத்துப் போகவில்லை, மழையும் வரவில்லை.

பெயரே ‘பழைய கல் வீடு’தான். தேசியப் பூங்காத் துறையின் பொறுப்பில் இருக்கிறது. 1765இல் கட்டியது, அமெரிக்கா என்ற நாடு பிறக்கப் பதினோரு வருஷம் முன்பு. அப்போது வாஷிங்டன் நகரம் இல்லை. ஜார்ஜ்டவுன் மட்டும் மேரிலாந்தைச் சேர்ந்த ஒரு புகையிலைத் துறைமுகமாக இருந்தது.

சுவரைத்தான் முதலில் பார்த்தேன். நாங்கள் ஆர்.ஆர். கட்டு என்போமே, அதே ஜாதி. வந்த கல்லை வந்த வடிவத்தில் வைத்து, சந்தில் சில்லுக் கொடுத்து ஏற்றியது. நீலம் கலந்த சாம்பல் நிறக் கல், ஆற்றோடு மேலே இரண்டு மைல் தள்ளியிருந்த கல்குவாரியிலிருந்து வந்ததாம். சுவரின் கனம் இரண்டடியிலிருந்து மூன்றடி. பார்ப்பவர்கள் கோட்டை போல என்று வியக்கிறார்கள். வியக்க ஒன்றுமில்லை. செதுக்காத கல்லை ஒல்லியாகக் கட்டினால் நிற்காது. உள்முகத்தையும் வெளிமுகத்தையும் கவ்விப் பிடிக்க அந்தக் கனம் வேண்டும். போர்ட்லண்ட் சிமெண்டுக்குக் காப்புரிமை வாங்கியதே 1824இல். இந்தச் சுவர் அதற்குக் கிட்டத்தட்ட அறுபது வருஷம் மூத்தது.

ஜன்னல் திட்டில் கை வைத்தால் முழங்கை வரை உள்ளே போகிறது. வெளியே பஸ் இரைகிறது. உள்ளே அது பக்கத்து ஊர்ச் சத்தம் மாதிரி கேட்கிறது.

முதலில் இருந்தது தெருப்பக்கத்து ஒற்றை அறைதான். மற்றதெல்லாம் பின்னால் சேர்ந்தவை. வீடு மூன்று கட்டமாக வளர்ந்திருக்கிறது. நம் ஊரில் கையில் காசு வரும்போது ஒரு அறை, மகனுக்குக் கல்யாணம் என்றால் மாடி என்று எழும்புமே, அதேதான். பெரிய கட்டடக் கலைஞர் யாருடைய பெயரும் இதில் இல்லை. எனக்கு அதுவே பிடித்திருந்தது.

ஜூன் 11

நேற்று முழுக்கப் பேரனுக்குக் காய்ச்சல். எங்கும் போகவில்லை. இன்று அவன் தூங்கும்போது மகளின் கணினியில் படித்துக் குறித்தவை.

கட்டியவர் கிறிஸ்டோபர் லேமன். மரச்சாமான் செய்யும் தச்சர். பென்சில்வேனியாவிலிருந்து மனைவி ரேச்சலோடும் இரண்டு மகன்களோடும் வந்தவர். மனை வாங்கிய தேதி ஜூன் 11, 1764. விலை ஒரு பவுண்டு பத்து ஷில்லிங். தேதியைப் பார்த்ததும் நாட்காட்டியைப் பார்த்தேன், இன்றுதான். மரவேலைக்காரன் கல்லில் கட்டிக்கொண்ட வீடு, ஆனால் ஆண்டு அனுபவிக்கக் கொடுத்துவைக்கவில்லை. 1765இலேயே இறந்துவிட்டார்.

ரேச்சல் மறுமணம் செய்துகொண்டு 1767இல் வீட்டை விற்றார். வாங்கியவர் கசாண்ட்ரா சூ என்ற பெண்மணி. அக்காலத்து ஆங்கிலேயச் சட்டப்படி மணமான பெண்ணின் சொத்து கணவன் கைக்குப் போய்விடும். தனித்திருப்பவள் தன் பெயரில் வைத்துக்கொள்ளலாம். சூ வைத்துக்கொண்டார், பெருக்கவும் செய்தார். பின்புறச் சமையலறையும் மாடியும் அவர் கட்டியவை. இன்று நாம் பார்க்கும் வீட்டில் பெரும்பகுதி இந்த அம்மாளுடையது. லேமன் வீடு என்பதைவிட சூ அம்மாள் வீடு என்பதே சரி.

அந்தச் சமையலறை அடுப்பில் ஒரு ஆள் குனிந்து உள்ளே போகலாம். விறகு சுமந்து, அந்த அனலில் நின்றவர் சூ அம்மாள் இல்லை. அவர் அடிமைகளை வைத்திருந்தவர். எந்தச் சுவரையும் தட்டிப் பார்க்கிற எனக்கு அந்த அடுப்பின் முன் அன்றைக்குக் கை நீளவில்லை. இந்த நகரில் அடிமைமுறை ஒழிந்தது ஏப்ரல் 16, 1862இல். அப்போதும் நஷ்டஈடு, தலைக்கு 300 டாலர் வரை, உடைமைக்காரருக்குத்தான் கொடுத்தார்கள்.

ஜூன் 12

மழை. இட்லி மாவு புளிக்கவில்லை. பேரன் எழுந்து விளையாடுகிறான். அந்த வீட்டில் ‘ஜார்ஜ்’ என்றொரு பேய் இருப்பதாக ஊரில் பேச்சு என்று சொன்னேன். நேரே கூட்டிப் போகச் சொல்கிறான்.

ஜூன் 14

பேரனோடு மறுபடி போனேன். பேய் வராததில் அவனுக்கு வருத்தம். பின்தோட்டத்தில் பூச்செடிகளுக்கு நடுவே ஓடவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஆபீஸ்காரர்கள் டப்பா திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இந்தத் தோட்டம் ஒரு காலத்தில் பழைய கார் விற்கும் திடல். தொப்பிக்கடை, தையல்காரர், பூட்டுக்காரர், பெயிண்டர் என்று யார் யாரோ வாடகைக்கு இருந்து, கடைசியில் கார் வியாபாரி வந்திருக்கிறார். அப்படிப்பட்ட கட்டடத்தை 1953இல் அரசு 90,000 டாலர் கொடுத்து வாங்கியது. பழுதுபார்த்து 1960இல் மக்களுக்குத் திறந்தது.

தச்சர் கட்டிய வீடு என்பதற்காகவா வாங்கினார்கள்? இல்லை. ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டன் இங்கே உட்கார்ந்துதான் தலைநகரத்துக்குத் திட்டம் போட்டார் என்று ஊர் நம்பியது. தெருவில் இதன் வயதொத்த வீடுகள் ஒவ்வொன்றாக இடிபட்டபோது இதன் மேல் கடப்பாறை படாததற்கு அந்த நம்பிக்கையே காரணம்.

நம்பிக்கை எப்படி முளைத்தது என்பதுதான் வேடிக்கை. 1791 மார்ச் கடைசியில், நகருக்கான நிலத்தைப் பற்றி வாஷிங்டன் நிலக்காரர்களோடு பேசியது ஜார்ஜ்டவுனில்தான். ஆனால் ஜான் சூட்டர் நடத்திய விடுதியில். அந்தச் சூட்டரின் மகன், அவர் பெயரும் ஜான் சூட்டர், கடிகாரம் செய்பவர். 1800களின் தொடக்கத்தில் இந்தக் கல் வீட்டின் ஓர் அறையைக் கடைக்கு வாடகை பிடித்தார். அப்பன் விடுதியும் மகன் கடையும் ஒரே பெயரில் கலந்து, ‘சூட்டர் இருந்த இடம்’ என்பது ‘வாஷிங்டன் இருந்த இடம்’ ஆகிவிட்டது. வனவாசத்தில் ராமர் காலடி படாத பாறை நம் பக்கம் எங்கே இருக்கிறது? தலபுராணம் எழுதுவது நமக்கு மட்டும் வரும் கலை என்று நினைத்திருந்தேன்.

எனக்கு இதில் கோபம் இல்லை. சர்வீஸில் இருந்தபோது, நல்ல கட்டு நிற்கும் பழைய சத்திரங்களை ‘முக்கியத்துவம் இல்லை’ என்று ஒரே வரியில் இடிக்க எழுதிய கோப்புகளை நானும் கையெழுத்துப் போட்டு மேலே அனுப்பியிருக்கிறேன். அவற்றுக்கும் யாராவது ஒரு பொய் சொல்லியிருக்கலாம்.

மகன் சூட்டர் செய்த நெட்டைக் கடிகாரம் ஒன்று இந்த வீட்டிலேயே இருக்கிறது. அப்பன் சூட்டரின் விடுதி, வாஷிங்டன் உண்மையிலேயே உட்கார்ந்து பேசிய இடம், இடிந்துபோயிற்று. அது எந்த மனையில் நின்றது என்பதில் இன்றும் தகராறு.