திருவட்டாற்றிலிருந்து காஞ்சனபுரிக்கு

கோதையாறும் பறளியாறும் சூழ்ந்தோடும் திருவட்டாறு விடியுமுன்னரே விழித்துக்கொள்ளும் ஊர். ஆதிகேசவப் பெருமாள் கோவிலுக்கு அன்பர்கள் செல்லும் வேளையில், பால்வெட்டும் தொழிலாளர் கத்தியும் வாளியுமாய் இரப்பர்த் தோட்டங்களை நோக்கி நடப்பர். பட்டையைச் சாய்வாகக் கீறி, சிரட்டையில் பால் சொட்டக் கண்டு, அடுத்த மரத்துக்கு நகரும் அக்கைகளைக் காணும்போதெல்லாம் இப்போது நமக்குக் காஞ்சனபுரி நினைவுக்கு வருகிறது.

சென்ற ஆண்டு தாய்லாந்து சென்ற நாம், குவாய் ஆற்றங்கரையிலுள்ள அந்நகரையும் கண்டோம். 1942-இல் ஜப்பானியப் படை மலாயா முழுவதையும் கைப்பற்றிய பின் இரப்பர் வாணிகம் நின்றது. பால்வெட்டிப் பிழைத்த தமிழர் பட்டினியில் வாடினர். சயாமில் வேலை உண்டு, சில மாதங்களில் திரும்பலாம் என்று ஆசைகாட்டி அவர்களை அழைத்தனர். பின்னர் வலிந்தே பிடித்துச் சென்றனர். சயாமையும் பர்மாவையும் இணைக்கும் 415 கிலோமீட்டர் இருப்புப் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. அப்பாதைக்காகப் போர்க்கைதிகள் ஏறத்தாழ 12,000 பேரும், தமிழர், மலாயர், பர்மியர் முதலிய தொழிலாளர் ஏறத்தாழ 90,000 பேரும் மாண்டனர் என மதிப்பிடுகின்றனர். கைதிகளிடையே அவர்தம் படை மருத்துவராவது இருந்தனர். தொழிலாளர் குடிசைகளில் வாந்திபேதி புகுந்தபோது பெரும்பாலும் மருந்துமில்லை, மருத்துவருமில்லை.

ஜார்ஜ் ஆஸ்பினால் என்னும் ஆஸ்திரேலியக் கைதி, மறைத்து வைத்திருந்த சிறு காமிராவால் முகாம்களைப் படமெடுத்தார். அகப்பட்டால் உயிர் போகும். அத்தகைய படங்களால்தான் உலகம் அக்கொடுமையைக் கண்ணால் கண்டது.

கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ 7,000 வீரர்கள் துயில்கின்றனர். பெரும்பாலான கற்களில் பெயரும் வயதும் உண்டு. வரிசை வரிசையாக நடந்தோம். பால்வெட்டிய நம் மக்களின் பெயர் ஒன்றுமில்லை. படைவீரர்க்கென அமைந்த இடம் அது, குறை கூறுவதற்கில்லை. ஆனால் புத்த மடம் ஒன்றில் 1977-இல் அமைந்த காட்சிசாலையின் பெயர் நம்மை வருத்தியது. ஜப்பான், இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, தாய்லாந்து, ஹாலந்து ஆகியவற்றின் ஆங்கில முதலெழுத்துக்களைச் சேர்த்து 'ஜீத்' என்று அழைக்கின்றனராம். மிகுதியாக மாண்டவர்க்கு அதில் ஓரெழுத்தும் இல்லை! 2023-இல் தமிழன்பர்களின் முயற்சியால் அந்நகரில் ஒரு நடுகல் எழுந்தது என்பதே நாம் பெற்ற ஆறுதல்.

ஊர் திரும்பியபின் அப்படங்கள் அடங்கிய நூலொன்றை வீடு சந்திப்பின்போது சிலருக்குக் காட்டினோம். எண்பதைக் கடந்த ஒரு மூதாட்டியார் நூலைக் கண்ணருகே பிடித்துக்கொண்டு, தண்டவாளக் கட்டை சுமப்போரின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"இதில எங்க பெரியப்பா உண்டுமா, சாமி?"

போருக்கு முன் மலாயாத் தோட்டத்துக்குப் போனவராம், ஒரு கடிதம் வந்ததாம், அவ்வளவே. படத்தின் கீழே 'ஆசியத் தொழிலாளர்' என்றுதான் அச்சிட்டிருந்தது. நாம் என்ன விடை சொல்வது?

பெரியப்பாவின் பெயரைக் கேட்டு, நவம்பர் மாதத் திருப்பலிக்கான மரித்தோர் ஏட்டில் எழுதிக்கொண்டோம். இறந்த நாள் என்னும் கட்டத்தில் எதை எழுதுவதென்று வினவினோம். சற்றுநேரம் யோசித்துவிட்டு, "மலாயா போனவருண்ணு போடுங்க, சாமி" என்றார்.