பெயின்ட் எதையும் மறைக்காது

எங்கள் வீட்டு மாருதி 800க்கு வயது இருபத்தைந்துக்கு மேல். வெள்ளை நிறம். அப்பா கடைசியாகத் தன் கையால் பெயின்ட் அடித்த வண்டி அதுதான். கோவையில் ஒரு பட்டறையில் 35 வருடம் ஸ்ப்ரே பெயின்டராக இருந்தவர் அவர். மூக்கில் கர்சீப்பைக் கட்டிக்கொண்டு வேலை பார்த்த தலைமுறை. ஆறு வருடங்களுக்கு முன்பு மூச்சிரைப்பு வந்தது. "ஆஸ்துமா. இனிமேல் பெயின்ட் அடிக்கிற இடத்துப் பக்கமே போகக் கூடாது" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

போன தை மாதம், கோயில் வாசலில் நிறுத்தியிருந்த காரை ஏதோ ஒரு வேன் உரசிவிட்டுப் போய்விட்டது. முன் கதவில் ஒரு சாண் நீளத்துக்குக் கீறல், நடுவில் சின்ன நசுங்கல். வெளியில் கொடுக்க அப்பாவுக்கு மனசில்லை. தானே அடிக்கிறேன் என்றார். அம்மா அழுதேவிட்டார். கடைசியில் ஒரு ஒப்பந்தம்: கை என்னுடையது, கண் அவருடையது.

முதலில் எந்த பெயின்ட் என்ற பேச்சு வந்தது. இப்போது பட்டறைகளில் பெரும்பாலும் ஹார்ட்னர் கலந்து அடிக்கும் பெயின்ட்தான். பளபளப்பும் ஆயுளும் அதிகம். ஆனால் அந்த ஹார்ட்னரில் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. தெளிக்கும்போது மூச்சில் போனால் ஆஸ்துமாவைக் கொண்டுவரக் கூடியது. உடம்பு ஒருமுறை அதை எதிர்க்கத் தொடங்கிவிட்டால், பிறகு துளி அளவே போதும். "அது வீட்டுக்கு வேண்டாம் கண்ணு" என்று அப்பா என்.சி. பெயின்ட்டைத் தேர்ந்தெடுத்தார். சீக்கிரம் காயும், தூசி ஒட்ட நேரம் குறைவு, தப்பு வந்தாலும் தேய்த்து எடுப்பது சுலபம். வெயிலில் பளபளப்பு குறையும்போது பாலிஷ் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

பெயின்ட் அடிப்பது அரை நாள் வேலை. அதற்கு முந்தைய வேலை நான்கு நாள் பிடித்தது. பழைய பெயின்ட் என்.சி. தின்னரைத் தாங்குமா என்று கதவின் உள் ஓரத்தில் தின்னர் நனைத்த துணியால் தேய்த்துப் பார்த்தேன். பழைய பூச்சு இளகினால், மேலே அடிக்கும்போது சுருங்கிச் சுருங்கி எழும்பும். முழுவதையும் சுரண்டித்தான் ஆக வேண்டும். எங்கள் கதவு தாங்கியது.

அடுத்தது எண்ணெய்ப் பசை. டேஷ்போர்டு பாலிஷில் இருக்கும் சிலிகான் கதவில் ஒரு சொட்டு பட்டிருந்தாலும், பெயின்ட் அந்த இடத்தில் ஒட்டாமல் விலகி, மீன் கண் மாதிரி வட்ட வட்டமாகக் குழி விழும். தலையில் தேய்த்த எண்ணெயும் அப்படித்தான். அதனால் சோப்புத் தண்ணீரில் கழுவி, பசை நீக்கும் திரவத்தைத் தொட்டு ஒரு துணியால் துடைத்து, உடனே காய்ந்த துணியால் மறுபடி துடைத்தேன். அதன் பிறகு கதவை வெறும் கையால் தொடவே கூடாது.

நசுங்கலுக்குப் பட்டி பார்த்தோம். கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து அழுத்தித் தேய்த்தால்தான் உள்ளே காற்று தங்காது. காற்று தங்கினால் ஊசித் துளைகள் வரும். தண்ணீர் விட்டுத் தேய்த்தால் தூசி பறக்காது. ஆனால் ஈரம் முழுவதும் போகாமல் மேலே அடித்தால் பிறகு கொப்புளம் கிளம்பும். ஒரு நாள் முழுக்கக் காயவிட்டேன். ராத்திரி அப்பா டியூப் லைட்டைப் போடச் சொல்லி, கதவில் விழும் அதன் பிம்பத்தைப் பார்த்தார். கோடு எங்கே வளைகிறதோ அங்கே மேடு பள்ளம். இரண்டு முறை வளைந்தது. இரண்டு முறையும் திரும்பப் பட்டி.

"பெயின்ட் எதையும் மறைக்காது. காட்டிக் கொடுக்கும்" என்பார் அப்பா. பட்டறையில் புதிதாகச் சேரும் பையன்களுக்கு அவர் சொன்ன முதல் பாடமாம் அது.

பெயின்ட் அடித்த அன்று அப்பாவும் அம்மாவும் இரண்டு தெரு தள்ளி அத்தை வீட்டுக்குப் போய்விட்டார்கள். என்.சி. தின்னர் சட்டென்று தீப்பிடிக்கும் என்பதால் அடுப்பு, சாமி விளக்கு எல்லாம் அணைத்தாயிற்று. கம்ப்ரஸரை வெளியே வைத்து நீளமான ஹோஸ் இழுத்தோம். ஷெட்டின் இரண்டு பக்கமும் திறந்து, தூசி அடங்கத் தரையில் தண்ணீர் தெளித்தேன். வேதி ஆவியைத் தடுக்கும் கார்ட்ரிட்ஜ் வைத்த மாஸ்க்கை அப்பாவே கடையில் நின்று வாங்கித் தந்திருந்தார். கர்சீப்போ சாதாரண மாஸ்க்கோ தின்னர் ஆவியைத் தடுக்காது.

கவிழ்த்த வாளி மேல் போன். வீடியோ காலில் அப்பா. காலை எட்டு மணி. மதிய வெயிலில் தகரம் சூடேறினால் பெயின்ட் பரவுவதற்குள் காய்ந்து ஆரஞ்சுத் தோல் மாதிரி ஆகிவிடும். மழை ஈரத்தில் அடித்தால் வெளுத்துப் பால் படர்ந்த மாதிரி ஆகும். முதலில் அட்டையில் அடித்துக் காட்டச் சொன்னார். பிறகு கதவு. கன்னுக்கும் கதவுக்கும் நடுவே ஒரு சாண். அதே தூரத்தில் கை நேராகப் போக வேண்டும். நின்றாலும் நெருங்கினாலும் ஒழுகும். ஒவ்வொரு வீச்சும் முந்தைய வீச்சில் பாதியை மூட வேண்டும். மெல்லிய பூச்சு, பத்து நிமிடம் ஓய்வு, மறுபடி மெல்லிய பூச்சு. அவசரப்பட்டுத் தடிமனாக அடித்தால் உள்ளே அடைபட்ட தின்னர் குமிழ் குமிழாக வெடித்து வெளியே வரும்.

கடைசிப் பூச்சில் ஒரு சின்னப் பூச்சி வந்து உட்கார்ந்தது. என் விரல் தானாக நீண்டது. "கையை வெக்காத கண்ணு! காயட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்று போனிலிருந்து சத்தம். ஒழுகலோ, தூசியோ, பூச்சியோ, ஈரத்தில் தொட்டால் பத்து மடங்கு வேலை. காய்ந்த பிறகு 1500 நம்பர் வாட்டர் பேப்பரைச் சின்னக் கட்டையில் சுற்றி, தண்ணீர் விட்டு அந்த இடத்தை மட்டும் தேய்த்து, 2000 நம்பரில் மெருகேற்றி, காம்பவுண்ட் போட்டால் தடம் தெரியாது. ஐந்து நாள் கழித்து அப்படித்தான் செய்தேன்.

வாசனை முழுவதும் போன பிறகு அப்பா ஷெட்டுக்கு வந்தார். ஆறு வருடத்தில் முதல் முறை. கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் கதவை மேலிருந்து கீழாகத் தடவினார். "பின் ஓரத்துல இன்னும் கொஞ்சம் காம்பவுண்ட் போடு" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. ஆனால் அன்று சாயந்திரம் அத்தைக்குப் போன் செய்து அரை மணி நேரம் கதவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.

பக்கத்து வீட்டுத் தம்பி பார்த்துவிட்டு, "அக்கா, என் பம்பரையும் இதே மாதிரி நானே அடிக்கலாமான்னு அப்பாகிட்ட கேளுங்களேன்" என்றான். கேட்டேன்.

"அது பிளாஸ்டிக். அதுக்குத் தனி பிரைமர் வேணும், சொல்லித் தர்றேன்" என்றார் அப்பா. பிறகு இன்ஹேலரைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே சொன்னார்: "மொதல்ல மாஸ்க் வாங்கிட்டு வரச் சொல்லு. பெயின்ட் அப்புறம் வாங்கிக்கலாம்."