சாரதி இல்லாத வண்டி

ஸான் பிரான்ஸிஸ்கோ குன்றுகளின்மேல் கட்டப்பட்ட பட்டணம். சில வீதிகளின் உச்சியில் நின்று கீழே நோக்கினால், கால் தவறினால் கடலில்தான் போய் விழுவோமோ என்று தோன்றும். குதிரைகள் ஏறத் திணறிய அந்த மேடுகளில், தரைக்கு அடியில் ஓடும் எஃகுக் கயிற்றைப் பற்றிக்கொண்டு ஏறும் டிராம் வண்டியை 1873-ஆம் ஆண்டில் அமைத்தார்கள். அது இன்றும் ஓடுகிறது. கயிறு கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆனால் நெம்புகோலைப் பிடித்துக்கொண்டு மணியடிக்கும் மனிதர் தெரிகிறார். ஜனங்கள் அவரை நம்பி ஏறுகிறார்கள்.

அதே பட்டணத்தில், நம்புவதற்கு மனிதரே இல்லாத மோட்டார்களும் இப்போது ஓடுகின்றன. 2024 ஜூன் முதல் வேமோ கம்பெனியின் வண்டியை யார் வேண்டுமானாலும் கைபேசி மூலம் அழைக்கலாம். நாமும் அழைத்தோம்.

வெள்ளை ஜாகுவார் ஒன்று ஓசையின்றி வந்து நின்றது. அதன் தலையில் கவிழ்த்த கும்பா போன்ற ஒரு கூண்டு. அதில் நமது பெயரின் முதலெழுத்துக்கள் ஒளிர்ந்தன. ‘நமக்கு இத்தனை மரியாதையா!’ என்று மகிழ்ந்து உள்ளே அமர்ந்தோம். பெல்ட்டை மாட்டிப் பொத்தானை அமுக்கியதும், ஆளில்லாத ஆசனத்தின் முன் ஸ்டியரிங் சக்கரம் தானே திரும்பியது. அந்தக் கணத்தில் நம் அடிவயிற்றில் உண்டான உணர்ச்சியைத் தைரியம் என்று வர்ணிப்பதற்கில்லை.

ஆயினும் இரண்டு வீதிகள் தாண்டுவதற்குள் மனம் அடங்கிவிட்டது. மெத்தை ஆசனத்தைவிட, எதிரே இருந்த திரையே அதற்குக் காரணம். காமிராக்களும் ராடாரும், லேசர் கதிரை வீசித் தூரத்தை அளக்கும் கருவிகளும் கண்டவை எல்லாம் அதில் சித்திரமாகத் தோன்றின. வீதியைக் கடக்கும் கிழவரை நாம் காணுமுன் வண்டி கண்டிருந்தது. ஓரமாக நிறுத்தச் சொல்ல ஒரு பொத்தான். ஆபீஸில் இருக்கும் மனிதரோடு பேச மற்றொன்று.

கணக்கில் விடையை மட்டும் எழுதும் பையனுக்கு நாம் முழு மார்க் கொடுப்பதில்லை. செய்த வழியையும் காட்டச் சொல்கிறோம். இந்த வண்டி வழியைக் காட்டியது. பிரயாணியின் சௌகரியத்தில் பெரும் பங்கு இதுதான்.

வழியை மறைத்த கதையும் இதே பட்டணத்தில் நடந்ததுண்டு. 2023 அக்டோபர் 2-ந் தேதி இரவு, மனிதர் ஓட்டிய கார் ஒன்று மோதி, ஒரு பெண்மணி குரூஸ் கம்பெனியின் சாரதியில்லா வண்டியின் முன் எறியப்பட்டார். வண்டி அவர்மீது மோதி நின்றது. பிறகு ஓரங்கட்டும் எண்ணத்தில் அவரைச் சுமார் 20 அடி இழுத்துச் சென்றது. அடியில் மனித உயிர் கிடப்பதை அது அறியவில்லை. அது யந்திரத்தின் பிழை. இழுத்துச் சென்ற விஷயத்தைச் சர்க்காருக்கு அனுப்பிய அறிக்கையில் சொல்லாமல் விட்டதோ மனிதரின் பிழை. அம்மாதம் 24-ந் தேதி கலிபோர்னியா அதிகாரிகள் அனுமதியை நிறுத்திவைத்தார்கள். பொய் அறிக்கை கொடுத்ததை 2024 நவம்பரில் ஒப்புக்கொண்ட கம்பெனி, 5 லட்சம் டாலர் அபராதத்துக்கு இசைந்தது. அடுத்த மாதமே அதன் தாய்க் கம்பெனியான ஜெனரல் மோட்டார்ஸ் அந்த வாடகை வண்டித் திட்டத்தைக் கைவிட்டது.

யந்திரத்தின் பிழையை எஞ்சினீயர்கள் திருத்தக்கூடும். மறைத்தவர்மீது போன நம்பிக்கையைத் திருப்பிக் கொண்டுவர எந்தக் கருவியும் இல்லை. ஓடும்போது வண்டி பிரயாணிக்கு உண்மையைக் காட்டுவது போல, விபத்துக்குப் பின் கம்பெனி ஊருக்கு உண்மையைச் சொல்ல வேண்டும். சாரதியின் ஆசனம் காலியாக இருக்கலாம். பொறுப்பாளியின் ஆசனம் காலியாக இருக்கலாகாது.