பொருத்தம் பார்க்கும்போது இரத்தத்தையும் பாருங்கள்

"உனக்கு இரத்தம் காணாது" என்ற பேச்சைப் பாடசாலை நாட்களிலிருந்தே கேட்டு வளர்ந்தவள் நான். இரும்புச்சத்துக் குளிசை விழுங்கினேன். அம்மா முருங்கையிலைச் சுண்டலை ஓயாமல் சமைத்தார். ஒன்றும் மாறவில்லை. இருபத்தெட்டு வயதில், எனது சிவப்பணுக்கள் வழமையைவிடச் சிறியவை என்று கவனித்த வைத்தியர் ஒருவர் இன்னொரு பரிசோதனை செய்வித்தார். நான் தலசீமியா காவி என்று அப்போதுதான் தெரிந்தது.

காவி நோயாளி அல்ல. தாயிடமோ தந்தையிடமோ இருந்து குறைபாடுள்ள மரபணு ஒன்று வந்திருக்கிறது, அவ்வளவுதான். இலங்கையில் நூறு பேரில் இரண்டு மூன்று பேர் இப்படி இருப்பதாகக் கணித்திருக்கிறார்கள். காவிகள் இருவர் மணம் முடித்தால்தான் சிக்கல். பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. முதற்பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி மூன்று பிள்ளைகளுக்கு வராது என்று கணக்குப் போடுவோரும் இருக்கிறார்கள். அப்படியல்ல, ஒவ்வொரு முறையும் அதே வாய்ப்புத்தான்.

ஒருகொடவத்தையில் நான் போய்வரும் வீடொன்றில் ஒன்பது வயதுச் சிறுவன் இருக்கிறான். மூன்று நான்கு வாரத்துக்கொரு முறை, தாய் அன்றைய கூலியை விட்டுவிட்டு அவனை இரத்தம் ஏற்றக் கூட்டிப் போகிறார். அரசாங்க வைத்தியசாலையில் இரத்தத்துக்குக் காசில்லை, முகம் தெரியாத யாரோ தானமாகக் கொடுப்பது அது. ஆனால் ஏற்றும் இரத்தத்தோடு இரும்பும் உடலில் சேர்ந்து இதயத்தையும் ஈரலையும் கெடுக்கும். அதை வெளியேற்ற, இரவில் எட்டுப் பத்து மணித்தியாலம் வயிற்றுத் தோலுக்குள் ஊசி குத்திச் சிறிய பம்பு பூட்ட வேண்டும். விழுங்கும் மருந்தும் இப்போது உண்டு, இவனுக்கு இன்னும் பம்புதான்.

அந்தத் தாயை இதைவிட வாட்டியது மாமியாரின் வாய். "உன்ட பக்கத்து இரத்தம் சரியில்ல."

ஒரு நாள் மாமியாருக்குப் பக்கத்தில் இருந்து சொன்னேன். "அம்மா, ஒரு பக்கத்தால மட்டும் இந்த வருத்தம் வராது. உங்கட மகனும் குடுத்ததாலதான் வந்தது."

நெடுநேரம் அவர் பேசவில்லை. பிறகு மெதுவாக, "அப்ப என்ட மகளுக்கும் பாக்க வேணுமா மிஸ்?" என்றார்.

மகளுக்குச் சொந்த மச்சானைப் பேசியிருந்தார்கள். ஒரே குடும்பத்தில் ஒரே மரபணு ஓடும் வாய்ப்பு அதிகம் என்பதால் இருவருக்கும் பார்க்கச் சொன்னேன். பெண்ணுக்கு இருந்தால் கலியாணம் குழம்பிவிடுமே என்று பயந்தார்கள். அந்தப் பயம் வீண் என்று நான் சொல்லமாட்டேன். எனக்குப் பேசிவந்த ஒரு வரன் 'காவி' என்ற சொல்லைக் கேட்டதும் விலகிப்போனது. மாப்பிள்ளை தன் இரத்தத்தைப் பார்க்கவே இல்லை! என்னை மணந்தவர் முதலில் தன் இரத்தத்தைப் பரிசோதித்தார். அவர் காவியல்ல, எனவே எங்கள் பிள்ளைகளுக்கு இந்த நோய் வராது.

கருவிலே கண்டுபிடிக்கலாம்தானே என்று சிலர் கேட்கிறார்கள். தாயின் உயிரைக் காப்பதற்கன்றி வேறு காரணத்துக்குக் கருக்கலைப்பை எமது சட்டம் அனுமதிப்பதில்லை. ஆகவே கலியாணத்துக்கு முன்பே பார்ப்பதுதான் வழி.

அந்தப் பெண் காவி, மச்சான் காவியல்ல. கலியாணம் குறித்த நாளிலேயே நடந்தது.

சாதாரண முழு இரத்தப் பரிசோதனையிலேயே முதற் சந்தேகம் தெரிந்துவிடும். தேவையானால் வைத்தியர் அடுத்ததை எழுதித் தருவார். குருநாகலில் தேசிய தலசீமியா நிலையமும் இருக்கிறது. மகளைக் கூட்டிப் போகும்போது மகனையும் கூட்டிப் போங்கள்.