விலைச்சீட்டும் செவியும்

கடந்த ஆவணி மாதத்தில் ஒரு நாட் காலை, கனகராயன்குளத்திற் கண்டி வீதியோரமாக வவுனியா பஸ்ஸுக்குக் காத்து நின்றேன். என் மாணவன் ஒருவனும் அவனுடைய தாயாரும் வந்து சேர்ந்தார்கள். தாயார் பழைய கடிதவுறையொன்றை என் கையில் வைத்தார். உள்ளே 36,000 ரூபா இருந்தது. இரண்டு போகக் கச்சான் விற்ற காசும், சீட்டுக் கட்டி எடுத்த காசும் சேர்ந்த தொகை அது.

"சேர், இவன் கிற்றார் கிற்றார் எண்டு மூண்டு வருசமாய் நிக்கிறான். நீங்கள் படிச்சனீங்கள். ஏமாறாமல் நல்லதாய்ப் பாத்து எடுத்துக் குடுங்கோ" என்றார்.

'நீங்கள் படித்தனீங்கள்' என்ற அந்தச் சொல் பஸ்ஸில் என்னோடு ஏறிக்கொண்டது. உண்மையில் நான் எதைப் படித்தேன்? பல்கலைக்கழகத்திலே தமிழைச் சிறப்புப் பாடமாகக் கற்றேன். பேரியாழ், மகரயாழ், சகோடயாழ், செங்கோட்டியாழ் என்று நால்வகை யாழையும் தடையின்றிச் சொல்லுவேன். யாழின் உறுப்புகளைப் பொருநராற்றுப்படை வருணிக்கும் அழகை ஒரு பாடவேளை முழுதும் விரித்துரைப்பேன். ஆனால் நரம்புக் கருவியொன்றை மடியில் வைத்து ஒருநாளாவது மீட்டியதில்லை. அவனோ தேவாலயப் பாடகர் குழுவின் பழைய கிற்றாரை இரவல் வாங்கி, விரல் நுனி தடித்துப்போகுமட்டும் பழகியவன். இருந்தும் தெரிவு செய்யும் பொறுப்பு என்னுடையது. என்னோடு கூட வரும் கடமை மட்டுமே அவனுடையது! கல்விக்கு நம் மக்கள் அளிக்கும் மதிப்பு எவ்வளவு பெரிதோ, அவ்வளவு அபாயமானதும் கூட.

கடையில் மூன்று கிற்றார்களை எடுத்து வைத்தார்கள். ஒரே உருவம்; ஒரே தேன் நிறம்; ஒரே அளவான உலோகத் தந்திகள். வேறுபாடு கழுத்திலே தொங்கிய விலைச்சீட்டில்தான் இருந்தது. ஒன்று 24,000 ரூபா, அடுத்தது 34,500 ரூபா, மூன்றாவது 58,000 ரூபா. மாணவன் ஒவ்வொன்றாக வாசித்தான். மூன்றாவதை வாசித்து முடிக்குமுன்னரே நான் தீர்ப்புச் சொல்லிவிட்டேன்: "இதிலேதான் கனிவு இருக்கிறது. ஆழம் இருக்கிறது. மற்றவை வெறுந் தகரம்."

அவன் சற்று நேரம் பேசாமல் நின்றான். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னான்: "சேர், நீங்கள் விலையைப் பாத்திட்டியள். அங்காலை திரும்பி இருங்கோ. நான் வாசிக்கிறன்."

மாணவன் சொல்ல, ஆசிரியன் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தேன்.

அவன் அந்தச் சோதனையை நடத்திய முறையை இங்கே விரிவாகக் கூறவேண்டும். முதலில் மூன்றையும் கைத்தொலைபேசியின் உதவியோடு ஒரே சுருதிக்குக் கொண்டுவந்தான். அப்போதுதான் ஒன்று தெரிந்தது: விலை கூடிய கருவி மற்ற இரண்டிலும் சற்றுத் தாழ்ந்த சுருதியில் இருந்திருக்கிறது. நான் 'ஆழம்' என்று வியந்தது, பாதியாவது, தளர்ந்த தந்தியின் குணமே! அடுத்து, ஒரே இடத்தில் இருந்து, ஒரே சிறு மெட்டை, ஒரே அளவான விசையோடு வாசித்தான். சற்று உரத்து ஒலிப்பதையே சிறந்ததென்று கொள்வது செவியின் இயல்பு. ஆகவே விசை சமமாயிருக்கவேண்டும். மெட்டு நீண்டுவிடவுங் கூடாது. நாதத்தின் நுட்பமான நிறத்தைச் செவி சில கணங்களே நினைவில் வைத்திருக்கும். ஒன்றை ஐந்து நிமிடங் கேட்டபின் மற்றதைக் கேட்டால் எஞ்சுவது ஒப்பீடன்று, கற்பனையே. வரிசையையும் ஒவ்வொரு முறையும் மாற்றினான்.

நான் நான்கு முறை கேட்டேன். இரண்டு முறை நடுவிலைக் கருவியையே சிறந்ததென்றேன். ஒரு முறை மலிந்ததை. ஒரே ஒரு முறைதான் நான் முதலிற் புகழ்ந்த 58,000 ரூபாக் கருவியை. கடைக்காரர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

விலைக்கும் ஒலிக்கும் தொடர்பே இல்லையென்று நான் சொல்ல வரவில்லை. தந்தியின் அதிர்வு தனியே மிக மெலிந்தது. அதனை வாங்கி, அறையிலுள்ள காற்றை அசைத்து நமக்குக் கேட்கச் செய்வது கருவியின் முகப்பலகையே. அப்பலகை ஒற்றை மரத்தில் அறுத்ததாயின் நன்கு அதிரும். ஒட்டுப்பலகையாயின் பொதுவாக அதிர்வு சற்று மட்டுப்படும். ஒலித்துளையின் விளிம்பைக் கவனித்தால், மேலேயுள்ள மரவரி உள்ளேயும் தொடர்கிறதா என்பது தெரிந்துவிடும். விலை கூடியது அப்படிப்பட்ட ஒற்றைப் பலகை. அதன் நாதம் சற்றுக் கூடுதலான நேரம் நின்றது என்பதை மாணவனே ஒப்புக்கொண்டான். "ஆனால் சேர், 23,500 ரூபாவுக்குரிய வித்தியாசம் இல்லை" என்றான். மலிந்ததையும் அவன் கண்மூடித்தனமாக எடுக்கவில்லை. அதன் பன்னிரண்டாவது மெட்டில் விரல் வைத்தபோது சுருதி பிசகியது; தந்திகளும் பலகையை விட்டு உயர நின்றன. பழகும் விரலுக்கு அது தண்டனை. நடுவிலுள்ளதை எடுத்தோம். மிகுந்த 1,500 ரூபாவுக்கு ஒரு கட்டு மாற்றுத் தந்தி வாங்கினோம்.

வீடு திரும்பியபின் இதனை மேலும் அறிய முயன்றேன். ஸ்பெயின் நாட்டுக் கிற்றார்த் தச்சர் அன்ரோனியோ டி ரோறஸ் என்பவர் 1862இல் ஒரு விந்தை செய்தார். முகப்பலகையை மட்டும் நல்ல மரத்திற் செய்து, முதுகையும் பக்கங்களையும் காகிதக் கூழினால் அமைத்தார். ஒலியின் உயிர் முகப்பலகையில் உள்ளது என்று காட்டுவதே அவர் நோக்கம். இங்கிலாந்தின் லங்காஸ்ரர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வும் அதே வழியிற் செல்கிறது. முதுகு மரத்திலும் பக்க மரத்திலும் மட்டும் வேறுபட்ட ஆறு கிற்றார்களை அவர்கள் செய்வித்தார்கள். மங்கிய வெளிச்சத்தில், உலோகம் பற்றவைப்போர் அணியுங் கறுப்புக் கண்ணாடியை அணிந்தபடி 52 கலைஞர்கள் அவற்றை வாசித்து மதிப்பிட்டார்கள். ஆறுக்கும் கிடைத்த மதிப்பு ஏறத்தாழ ஒன்றே. அந்த ஆறில் ஒன்று பிரேசில் நாட்டு ஈட்டி மரத்தினாலானது. அதன் பெயருக்காகவே பெரும் விலை கொடுப்போர் உண்டு. அம்மரம் அருகிப்போனதால் 1992இலிருந்து அதன் சர்வதேச வணிகம் கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டிருக்கிறது. செவியினால் உணரமுடியாத பெருமையொன்றுக்காகவும் காடுகள் வீழ்ந்திருக்கின்றன!

இவை மேனாட்டார் கண்ட புதுமையென்று நினைக்கவேண்டியதில்லை. சீவக சிந்தாமணியிற் காந்தருவதத்தையார் இலம்பகத்தைப் படித்தவர்கள் அறிவர். யாழ்ப் போட்டியிலே சீவகனிடம் யாழ்கள் நீட்டப்படுகின்றன. செல்வவணிகன் மாளிகையிலிருந்து வந்த யாழ்கள் என்று அவன் மயங்கவில்லை. ஒன்றன் மரம் நீரில் நின்று ஊறியது, இன்னொன்றன் மரம் தீயில் வெந்தது என்று குற்றங் கண்டு தள்ளுகிறான். நரம்பினுள்ளே கலந்திருந்த மயிரையும் எடுத்துக் காட்டுகிறான். இந்தப் பகுதியை எத்தனை ஆண்டுகளாக நான் கற்பித்து வருகிறேன்! 'தலைவனின் இசைநுட்பம்' என்று கரும்பலகையில் எழுதிவிட்டு அப்பாற் சென்றுவிடுவேன். அது ஒரு நெறி என்பது அன்றுவரை எனக்கு உறைக்கவில்லை. ஆனாலும் ஒரு வேற்றுமையை மறக்கலாகாது. அரசகுமாரனுக்கு மறுத்தல் எளிது. கச்சான் விற்ற காசோடு கடைக்குட் செல்பவனுக்கோ, உயர்ந்த விலைச்சீட்டின் முன்னே தன் செவியை நம்புவதற்குப் பெருந் துணிவு வேண்டும்.

விலைச்சீட்டு என்பது கடையில் மட்டுமா தொங்குகிறது? தோலும் மரமுமே மிருதங்கம். தோலும் மரமுமே பறை. ஒன்றன் ஒலி கலை என்றும், மற்றதன் ஒலி சாவீட்டுச் சத்தம் என்றும் நமக்குக் கற்பித்தது செவியா? அதனை அடிக்கும் மனிதனின் கழுத்தில் சாதி தொங்கவிட்ட சீட்டைப் படித்துவிட்டல்லவா நாம் கேட்கிறோம்!

இந்தக் கேள்வி என்னையும் விட்டுவைக்கவில்லை. அடுத்த வாரம் தவணைப் பரீட்சை விடைத்தாள்கள் என் மேசைக்கு வந்தன. முதற் பக்கத்திற் பெயர். பெயரைக் கண்டவுடனே வீடு தெரியும். தகப்பனின் தொழில் தெரியும். சென்ற தவணைப் புள்ளியும் தெரியும். பொதுப் பரீட்சைகளிற் பெயரை மறைத்துச் சுட்டெண்ணை வைத்தவர்கள் காரணமின்றியா வைத்தார்கள்? பெயர்கள் தெரியாதபடி முதற் பக்கங்களை மடித்துக் குத்திவிட்டுத் திருத்தத் தொடங்கினேன். முடிவிலே பிரித்துப் பார்த்தபோது, கட்டுரையில் முதலிடம் பெற்றிருந்தவள் பின்வாங்கில் இருக்கும் ஒரு பிள்ளை. சென்ற தவணையில் அவளுக்கு நான் கொடுத்தது 41 புள்ளி. பழைய கட்டுரையை வாங்கி மீண்டும் படித்தேன். எழுத்து ஒழுங்கில்லை, கருத்து அன்றும் நன்றாகவே இருந்தது. அன்று நான் கேட்டது அவள் குரலையன்று. ஆசிரியத் தோழர்களே, இதனை உங்களிடம் ஒளிக்க நான் விரும்பவில்லை.

கிற்றாரோடு நாங்கள் வந்திறங்கிய மாலையில், தாயார் வீதியோரத்திலேயே காத்து நின்றார். பையனின் கையிலிருந்ததைத் தடவிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "இதுதானோ சேர் கடையிலை விலை கூடினது?"

"இல்லை அம்மா. இதைவிட விலை கூடினதும் இருந்தது."

அவர் முகம் வாடியது. தம் பிள்ளைக்குக் குறைந்தது வாய்த்துவிட்டதென்ற வாட்டம் அது. முகப்பலகையையும் தந்தியையும் பற்றி நான் எவ்வளவோ விளக்கினேன். அந்த வாட்டம் நீங்கவில்லை. வாழ்நாள் முழுதும் எல்லாவற்றிலும் குறைந்ததையே பெற்ற ஒருவரிடம், இது குறைந்ததன்று என்று சொல்லி நம்பவைப்பது எளிதா?

பையன் பஸ் தரிப்பிடத்து வாங்கில் இருந்து உறையைக் கழற்றி வாசிக்கத் தொடங்கினான். தாயார் நின்றபடியே கேட்டார்.

"இன்னும் கொஞ்சம் வாசி" என்றார்.