சாவி யார் கையில்?

1948 இல் இங்கிலாந்தின் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கு ஒரு சுவர் அலங்கார வேலைக்காரரின் வழக்கு வந்தது. வீட்டுக்காரி அவரைத் தனியே விட்டு வெளியே போயிருந்தார். சுவருக்கு ஒட்டும் காகிதம் வாங்க அவரும் கிளம்பினார். கதவைப் பூட்டவில்லை. இரண்டு மணித்தியாலம் கழித்துத் திரும்பி வந்தபோது, கள்வன் புகுந்து ஒரு வைரக் காப்பைக் கொண்டு போயிருந்தான். நட்டத்தை வேலைக்காரர்தான் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பானது. ஸ்டான்ஸ்பி எதிர் ட்ரோமன் என்று சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கும் வழக்கு அது.

எனக்கு அந்தத் தீர்ப்பில் குறை இல்லை. நம்பி விட்டுப்போன வீட்டைப் பூட்டுவது வேலைக்கு வந்தவரின் கடமைதான். வேலைக்கு வந்தவரின் பொருள் அதே கூரையின் கீழ் களவு போனால் என்ன நியாயம் என்பதுதான் என் கேள்வி.

லண்டனில் எனக்குத் தெரிந்த, இலங்கையின் பசறைப் பக்கத்து அண்ணன் ஒருவர் மின்வேலைக்காரர். சொந்தமாகச் செய்கிறார், ஒப்பந்தம் எடுத்து, வேலை முடிந்ததும் பில் எழுதுகிறவர். ஒரு பழைய அலுவலகக் கட்டடத்தில் வயர் மாற்றும் வேலை. மாலையில் சாமான்களை வானுக்கு ஏற்ற வேண்டாம், நிலவறை அறையில் வைத்துப் பூட்டலாம் என்று கட்டட மேலாளரே சொன்னார். அறை அவர்களுடையது, பூட்டும் சாவியும் அவர்களுடையவை. திங்கள் காலை போனபோது பூட்டு உடையவில்லை, கதவு திறந்து கிடந்தது. சுத்தியல் ட்ரில், லேசர் லெவல், சோதனை மீட்டர், பல வருசமாகக் கை பழகிய பிளையர் செட், எல்லாம் போயிருந்தன. அலுமாரிக்குப் பின்னால் விழுந்திருந்த ஒரு டெஸ்டர் மட்டும் மிஞ்சியது. பொலிஸ் ஒரு முறைப்பாட்டு இலக்கம் கொடுத்தது. கட்டடக்காரர்களிடமிருந்து இரண்டு வரி மின்னஞ்சல் வந்தது: வருத்தப்படுகிறோம், ஒப்பந்தக்காரர்களின் பொருட்களுக்கு நாங்கள் பொறுப்பல்ல.

"தம்பி, கதவு அவங்களோடது, சாவி அவங்க கையில. நான் என்னத்தப் பூட்டாம விட்டேன்?" என்று அண்ணன் கேட்டார். கடிதம் எழுதும் வேலை எனக்கு வந்தது. அதற்காகப் படிக்கத் தொடங்கியபோதுதான், இந்த நாட்டுச் சட்டம் இந்தக் கேள்வியில் எவ்வளவு காலமாக ஒரே பக்கம் சாய்ந்து நிற்கிறது என்று கண்டேன்.

1946 இல் டியோங் எதிர் ஷென்பர்ன் வழக்கு. நாடக நடிகர் ஒருவரின் உடுப்புகள் அரங்கின் ஒப்பனை அறையில் களவு போயின. முதலாளிக்குத் தொழிலாளியின் உடம்பைக் காக்கும் கடமைதான் உண்டு, உடைமையைக் காக்கும் கடமை இல்லை என்றார்கள். 1957 இல் ஒரு மருத்துவர் வழக்குப் போட்டார். மருத்துவமனை தந்த விடுதி அறையிலேயே அவருடைய பொருட்கள் திருடப்பட்டிருந்தன. அவருக்கும் அதே பதில். இவர்கள் சம்பளத்துக்கு வேலை செய்தவர்கள். பில் எழுதி வாழும் ஒப்பந்தக்காரரின் நிலை இன்னும் ஒரு படி கீழே.

இதோடு இன்னொரு சட்டத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1956 ஆம் ஆண்டின் ஹோட்டல் உரிமையாளர் சட்டப்படி, இரவு தங்கும் விருந்தினரின் பெட்டி களவு போனால், தன் பக்கம் தவறே இல்லாவிட்டாலும் ஹோட்டல் பொறுப்பேற்க வேண்டும். அறிவித்தல் மாட்டியிருந்தால் ஒரு பொருளுக்கு 50 பவுண், மொத்தம் 100 பவுண் என்று எல்லை உண்டு. ஆனால் பொறுப்பு உண்டு. அந்த அறையின் விளக்கைத் திருத்த வந்தவரின் மீட்டர் போனால் இந்தச் சட்டம் அவருக்கு வாய் திறக்காது. தூங்குகிறவனுக்கு இருக்கிற காவல் உழைக்கிறவனுக்கு இல்லாதது எனக்கு இன்றும் பொறுக்கவில்லை.

ஆனாலும் ஒரு கதவு இருக்கிறது, அண்ணனுக்கு அதைத்தான் காட்டினேன். பொருளை இன்னொருவர் தன் காவலில் ஏற்றுக்கொண்டால் கணக்கு மாறும். வளவில் ஓர் ஓரமாக வைக்க இடம் தந்தால் அது வெறும் அனுமதி. 1937 இல் ஒரு வாகனத் தரிப்பிட வழக்கில் நீதிமன்றம் அப்படித்தான் சொன்னது. 1951 இல் மதுச்சாலை முற்றத்தில் மோட்டார் சைக்கிளைப் பறிகொடுத்தவரும் அதனால்தான் தோற்றார். ஆனால் "எங்களிடம் தாருங்கள், நாங்கள் பூட்டிச் சாவியை வைத்துக்கொள்கிறோம்" என்று ஏற்றால் அது ஒப்படைப்பு. பிறகு பொருள் தொலைந்தால், தக்க கவனம் எடுத்தோம் என்று காட்டவேண்டியவர் ஏற்றுக்கொண்டவர். சுவரில் 'பொறுப்பல்ல' என்று எழுதி ஒட்டினாலும் கவனக்குறைவால் வந்த நட்டத்துக்கு அது தானாக மருந்தாகாது. 1977 ஆம் ஆண்டின் நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைச் சட்டம் அந்த அறிவித்தல் நியாயமானதா என்று கேட்கும்.

எழுத்தில் எதுவும் இல்லாததால் எங்கள் கடிதத்துக்குப் பாதிப் பணம்தான் வந்தது. பொதுப் பொறுப்புக் காப்புறுதி இருந்ததே என்று நீங்கள் கேட்கலாம். அது மற்றவருக்கு நாம் செய்யும் சேதத்துக்கு. சொந்தச் சாமானுக்குத் தனிக் காப்புறுதி எடுக்க வேண்டும், அதிலும் இரவில் வானுக்குள் விட்டால் செல்லாது என்ற நிபந்தனைகள் பல உண்டு. 2025 இல் போர்ட்ஸ்மத் வடக்குத் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர் அமாண்டா மார்ட்டின், தொழில் கருவிகளைத் திருடுவோருக்குத் தண்டனையைக் கூட்டக் கேட்டு ஒரு மசோதா கொண்டு வந்தார். வரவேற்கிறேன். என்றாலும் அது கள்வனைப் பற்றியது. அகப்படாத கள்வன் விட்டுப்போன நட்டத்தை யார் சுமப்பது என்பதைப் பற்றியதல்ல.

அண்ணனின் கேள்வி எனக்குப் புதிதல்ல. பதுளையிலிருந்து பிபிலைக்குப் போகும் பாதையில், பசறை தாண்டி வரும் லுணுகலையில் பிறந்தவன் நான். ஹொப்டன், அடாவத்தை என்று சுற்றிலும் தேயிலை மலைகள். என் அப்பா தேயிலைச் செடிகளைக் கத்தரிக்கும் கவ்வாத்துக்காரர். கத்தி தோட்டத்துச் சொத்து. பெயர் எழுதித்தான் கொடுப்பார்கள். ஒரு மழை நாள் தேத்தண்ணி குடிக்க மரத்தடிக்குப் போன நேரத்தில், செடியோரம் செருகியிருந்த கத்தியை யாரோ எடுத்துவிட்டார்கள். அப்பா கணக்கப்பிள்ளையிடம் போய்ச் சொன்னார். அவர் நல்ல மனிசர்தான், அவரால் முடிந்தது அதை எழுதி வைப்பது மட்டுமே. மாதக் கடைசியில் சம்பளத் துண்டில் அரிசிக் காசு, கம்பளிக் காசுக்குக் கீழே கத்திக் காசும் பிடிபட்டிருந்தது. அம்மா அந்தத் துண்டை லாம்பு வெளிச்சத்தில் பிடித்து, ஒவ்வொரு வரியாக என்னை வாசிக்கச் சொன்னார்.

பொருள் தோட்டத்துடையது, மலை தோட்டத்துடையது, காவல்காரர் தோட்டத்துச் சம்பளம் வாங்குகிறவர். நட்டம் மட்டும் அப்பாவுடையது. லண்டனில் பொருள் அண்ணனுடையது, கட்டடம் அவர்களுடையது. பாதி நட்டம் மறுபடியும் எங்கள் பக்கம். கருவி யாருக்குச் சொந்தம் என்பதை வைத்து நட்டம் தீர்மானிக்கப்படவில்லை. யாரிடம் பேரம் பேசப் பலமில்லையோ அவர் தலையில் அது இறங்கியிருக்கிறது. இடத்தைப் பூட்டவும், ஆளை உள்ளே விடவும், கமராவைத் திருப்பவும் அதிகாரம் வைத்திருப்பவரே களவையும் சுமக்க வேண்டும். களவைத் தடுக்கக் கூடியவர் அவர் ஒருவர்தான். பொறுப்பு வந்தால்தான் அவர் நல்ல பூட்டு வாங்குவார்.

அண்ணன் இப்போது ஒவ்வொரு வேலைக்கும் ஒரு தாள் கொண்டு போகிறார். எந்த அறை, யாரிடம் சாவி, என்னென்ன சாமான் உள்ளே என்று எழுதி, படமும் எடுத்து, இரு பக்கமும் கையெழுத்து. சிலர் மறுக்கிறார்கள். மறுக்கும் இடத்தில் எவ்வளவு களைப்பானாலும் எல்லாவற்றையும் வீட்டுக்கு ஏற்றி வருகிறார்.

இதை இப்போது எழுதுவதற்கு ஊரில் ஒரு காரணம் இருக்கிறது. 1992 இல் நிர்வாகத்தை ஏற்ற பெருந்தோட்டக் கம்பனிகள், நாட்சம்பளத்துக்குப் பதிலாக வருமானப் பகிர்வு முறையைப் பல வருசமாக முன்வைத்து வருகின்றன. குடும்பத்துக்கு இவ்வளவு செடி, கொழுந்து கிலோவுக்கு இவ்வளவு என்று கணக்கு. அந்த முறைக்கு மாறும் நாளிலிருந்து கூடையும் கத்தியும் மருந்துத் தாங்கியும் யாருடையவை? இரவில் வேறு ஆட்கள் புகுந்து கொழுந்தைக் கிள்ளிக்கொண்டு போனால் யார் கணக்கில் எழுதுவது? கடனுக்குத் தந்த உரமூட்டை தோட்டத்துக் கட்டடத்துக்குள்ளேயே காணாமல் போனால்? தொழிலாளி ஒப்பந்தக்காரராகும் அந்தக் கணத்தில், அண்ணன் நிலவறையில் நின்ற இடத்தில்தான் அவரும் நிற்பார், காப்புறுதியும் கடிதம் எழுத ஆளும் இல்லாமல். தோட்டத்தில் இன்னும் வேலை செய்யும் என் தங்கையிடம், வருமானப் பகிர்வுக்கு ஒப்பந்தத் தாளை நீட்டினால் களவைப் பற்றி அதில் ஒரு வரி சேர்க்கும் வரை கையெழுத்துப் போடாதே, தனியாகவும் போகாதே, லயத்தில் எல்லாரும் சேர்ந்து சங்கத் தலைவரையும் கூட்டிக்கொண்டு போய்க் கேளுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.