தூக்கிப் போடாததால் வந்த வினை

1952-ல் டாப்ஸ் என்ற அமெரிக்க பபிள்கம் கம்பெனி, பாக்கெட் ஐந்து சென்ட்டுக்கு பேஸ்பால் வீரர்கள் படம் போட்ட கார்டுகளை விற்றது. அதில் மிக்கி மேன்டில் கார்டு ஒன்றை 1991-ல் ஒருவர் 50,000 டாலருக்கு வாங்கினார். வீட்டில் நிச்சயம் திட்டு விழுந்திருக்கும். 2022-ல் அது ஏலத்தில் போன விலை 1 கோடியே 26 லட்சம் டாலர்!

பி.காம். படித்த பாவத்துக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 31 வருஷத்துக்கு ஏறக்குறைய 19.5 சதவீதக் கூட்டு வட்டி. எந்த பாங்க் தரும்?

உடனே ஆபீஸில் லோன் போட்டுவிடாதீர்கள். மீதியையும் கேளுங்கள்.

ஆட்டக்காரர் அறிமுகமாகிற சமயத்தில் வருவது 'ரூக்கி கார்டு'. (கறாராகப் பார்த்தால் மேன்டிலின் ரூக்கி 1951-ல் வேறு கம்பெனி போட்டது. மவுசு என்னவோ 1952-க்குத்தான்.) பையன் பெரிய ஆளானால் கார்டு ஏறும். 1991-ல் யாங்கீஸ் டீம் 15.5 லட்சம் டாலர் கொடுத்து எடுத்த பிரையன் டெய்லர், 1993-ல் ஓர் அடிதடியில் தோள்பட்டை போய், மேஜர் லீகில் ஒரு மாட்ச்கூட ஆடவில்லை. கார்டும் கூடவே படுத்துவிட்டது.

பெரிய ஆளானால் மட்டும் போதுமா? கென் க்ரிஃபி ஜூனியரின் 1989 அப்பர் டெக் ரூக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். மனிதர் 630 ஹோம்ரன் அடித்தார். 2016-ல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்ந்தார். ஆனால் அந்தக் கார்டின் சாதாரணப் பிரதியை விற்றால் நாலு பேர் ஓட்டலில் சாப்பிடலாம். டிப்ஸ் கைக்காசு.

காரணம் சிம்பிள். மேன்டில் கார்டை அன்று யாரும் மதிக்கவில்லை. பையன்கள் சைக்கிள் சக்கரத்தில் செருகிப் படபடவென்று ஓட்டினார்கள். அம்மாக்கள் குப்பையில் போட்டார்கள். தேங்கியதை 1960-ல் அட்லாண்டிக் கடலில் கொட்டியதாக டாப்ஸின் சை பெர்கரே சொல்லியிருக்கிறார். தப்பிப் பிழைத்ததற்குத்தான் கோடி. 1980-களின் கடைசியில் இதைப் பார்த்து ஊரே முழித்துக்கொண்டது. கம்பெனிகள் அச்சடித்துத் தள்ளின. ஜனங்கள் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பூட்டி வைத்தார்கள். எல்லோரிடமும் இருப்பதை யார் காசு கொடுத்து வாங்குவார்கள்?

பூட்டியவர்களில் நியூஜெர்சியில் இருக்கும் என் சித்தப்பாவும் ஒருவர். 1990-ல் பையன் பிறந்ததும், அவன் காலேஜ் ஃபீஸுக்கென்று பதினோரு பெட்டி வாங்கினார். பையன் கடைசியில் கடன் வாங்கித்தான் படித்தான். போன மாதம் போன் பண்ணி, "இப்ப என்னடா தேறும்?" என்றார்.

விசாரித்துச் சொன்னேன். "வாங்கின விலையே தேறாது சித்தப்பா."

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பின்னாலிருந்து சித்தியின் குரல் மட்டும் கேட்டது: "நான் அன்னிக்கே தூக்கிப் போடுங்கன்னு சொன்னேன்."

சித்தி சொன்னதில் பாதி சரி. அமெரிக்காவில் மற்ற எல்லா வீட்டு அம்மணிகளும் தூக்கிப் போட்டிருக்க வேண்டும். சித்தி மட்டும் சும்மா இருந்திருக்க வேண்டும்!